கோலப்பொடிச் சிரட்டையில் ஒரு மோதிரம்

மூன்று நாள் அந்த அக்கா மோதிரத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாளே, அந்த மூன்று நாளும் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்?

ஒன்பது வயதில் இதை நான் கேட்டிருக்க வேண்டும். அப்போது கேட்கத் தெரியவில்லை. இப்போது எனக்கே ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அடுப்படியில் நிற்கும்போதும், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும்போதும் கேட்டுப் பார்க்கிறேன். பதில் வருவதில்லை.

என்னைப் போலப் பள்ளிக்கூடம் போய்ப் படித்து, இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர் யாருக்கும் போடவில்லை. போட்டால் தென்காசியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். எழுதுவதே சரியா என்று இரண்டு தடவை காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

போன வாரம் என் பெண்ணை அடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அம்மா, என் கண்ணாடி வளையலை எதுத்த வீட்டு ஜன்னல் வழியாப் போடப் போறேன். நான்தான் போட்டேன்னு யார்ட்டயும் சொல்லமாட்டேன். அப்படிக் குடுத்தாத்தான் நல்லதாம், டீச்சர் சொன்னாங்க" என்றாள். என் கை எப்போது எழுந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அழாமல், "ஏம்மா அடிச்சே?" என்று கேட்டாள். கெட்ட காரியம் ஒன்றும் அவள் சொல்லவில்லை. எனக்கும் அது தெரியும். உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன்.

அதே கதைதான். பதினாறு வருஷம் கழித்து, வேறொரு டீச்சர் வாயிலிருந்து, மறுபடி என் வீட்டுக்குள் வந்துவிட்டது.

எனக்கு அதைச் சொன்னவள் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. பாளையங்கோட்டைப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்பு கலையாது. கிறிஸ்துமஸ் லீவு விடுவதற்கு முந்தின நாள் சீமையிலிருந்து வந்த பழைய வாழ்த்து அட்டைகளை எங்களுக்குக் கொடுப்பாள். ஒரு பக்கம் யாரோ எழுதியிருப்பார்கள், மறுபக்கம் படம். அந்த அட்டைகளில் ஒரு வாசனை உண்டு, பச்சைக் கற்பூரமும் பழம் புத்தகமும் கலந்த மாதிரி. அந்த வருஷம் எனக்கு வந்த அட்டையில் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு கிழவர், தோளில் ஒரு மூட்டை. "இது யாரு டீச்சர், சாமியாரா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சரம்மா சிரிக்கவில்லை. அவளுக்குக் கதை சொல்லப் பிடிக்கும்.

"இவர் இப்பத்தான் தாத்தா. முதலிலே இவர் ஒரு அத்தியட்சர்" என்று ஆரம்பித்தாள். சபைக்கெல்லாம் தலைவரான பெரிய குருவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஏதோ ஒரு கடற்கரைப் பட்டணம். நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்கள். சீர் கொடுக்க வழியில்லாததால் மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண்களை விற்றுவிடலாமா என்று தகப்பன் யோசிக்கிறான். அத்தியட்சருக்கு இது தெரிகிறது. யாரும் பார்க்காத நேரத்தில் ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பை எறிகிறார். அது அடுப்போரம் காயப்போட்டிருந்த, காலில் மாட்டுகிற மேஜோட்டுக்குள் விழுகிறது. மூத்தவளுக்குக் கல்யாணம். இன்னொரு முடிப்பு, நடுவுள்ளவளுக்குக் கல்யாணம். மூன்றாவது முறை தகப்பன் விழித்திருந்து அவரைப் பிடித்துவிடுகிறான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உயிரோடிருக்கிறவரைக்கும் இதை யாருக்கும் சொல்லாதே" என்கிறார்.

"அந்தக் கதை ஊர் ஊராப் போய், தேசம் தேசமாப் போய், அத்தியட்சர் இந்தத் தாத்தாவா ஆயிட்டார். இப்ப எல்லாப் பிள்ளைகளுக்கும் குடுக்கார். ஆனா ஆரம்பம் அந்த மூணு பொண்ணுகதான். குடுத்தது யாருன்னு தெரியக்கூடாது. தெரிஞ்சா அது தர்மம் இல்லே, பெருமை" என்று முடித்தாள்.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். எங்கள் அடுத்த வீட்டிலும் மூன்று பெண்கள்.

அந்த வீட்டுக்காரர் தவசிப்பிள்ளை. கல்யாண வீடுகளில் பந்திக்குச் சமைப்பது அவர் தொழில். தென்காசியிலும் வடகரையிலும் அவர் சாம்பார் ஊற்றாத கல்யாணம் இல்லை என்பார்கள். ஊரார் பெண்களுக்கெல்லாம் விருந்து சமைத்துவிட்டு, தன் மூத்த பெண்ணைப் பதினேழு வயதுவரை வீட்டில் வைத்திருந்தார். இதை எங்கள் தெரு அவர் முகத்துக்கு நேரே சொல்லும். என் அம்மா சற்று அதிகமாகவே சொல்வாள். என் அப்பா தாலுகா கச்சேரியில் கிளார்க். அதனால் எங்கள் வீட்டுக்கு அந்தத் தெருவில் கொஞ்சம் உயரம் அதிகம் என்று அம்மாவுக்கு நினைப்பு.

மூத்த அக்காவுக்கு வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. எல்லாம் பேசியாகிவிட்டது, ஒன்று மட்டும் இடித்தது. மாப்பிள்ளையின் அம்மா கிளம்புகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டே, தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: "மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம்கூடப் போடாம பொண்ணை அனுப்புவீகளோ? மோதிரத்தைக் காட்டுங்க, தை பிறந்ததும் பரிசம் போட வாரோம்." தவசிப்பிள்ளை வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது டீச்சரம்மா கதை சொல்வதற்கு ஒரு வாரம் முந்தி.

ஒரு மோதிரம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மோதிரம் எங்கள் வீட்டில் இருந்தது. சித்தப்பா விரலில். அப்பாவின் தம்பி, இருபது வயது, காலேஜில் படித்துக்கொண்டிருந்தவர் லீவுக்கு வந்திருந்தார். சிவப்புக் கல் வைத்த மோதிரம், கல்லின் ஓரத்தில் ஒரு சின்ன மூளி. விடியற்காலையில் மச்சு ஜன்னலருகே நின்று சத்தம் போட்டு இங்கிலீஷ் பாடம் படிப்பார். மார்கழி ஆதலால் அடுத்த வீட்டு மூத்த அக்கா அதே நேரத்தில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவருக்குக் கோலம் தெரியாது. நான் அறிந்தவரை அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இதையும் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் ஏதாவது இருந்திருக்குமோ? இருந்திருந்தால் என் பாரம் பாதியாகும். இருந்ததாகத் தெரியவில்லை.

திருவாதிரைக்கு வண்டி கட்டிக் குற்றாலம் போனோம். அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்து அருவி முழுவதும் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. ஈரத் துணியும் நல்லெண்ணெயும் மிதிபட்ட பூவும் சேர்ந்த அந்த வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. கோவில் கட்டளைக்காரர் ஒருவர் அன்னதானம் வைத்திருந்தார். சமையல் தவசிப்பிள்ளை. மூத்த அக்காவும் பூசணிக்காய் நறுக்க வந்திருந்தாள். குரங்குகளை விரட்ட அவள் ஒரு அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்து நானும் சித்தப்பாவும் சிரித்தோம்.

சித்தப்பா எண்ணெய் தேய்க்கு முன் மோதிரத்தைக் கழற்றினார். "ஏட்டி, எண்ணெய்க் கையிலே நழுவிரும். இதைப் பத்திரமா வச்சிக்கோ. தொலைச்சேன்னு வை, உன்னைக் குரங்குக்குக் கட்டிக் குடுத்திருவேன்" என்று என் பாவாடை நாடாவில் முடிந்துவிட்டார்.

அவர் முடிந்த முடிச்சு இறுகுவதற்கு முன்பே என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவித்த நிலக்கடலை வைத்திருந்த என் ஓலைக் கொட்டானுக்குள் மோதிரத்தைப் போட்டு, மேலே கடலையை மூடினேன். அம்மாவுடன் அருவியில் குளித்துவிட்டு வந்து, நாடாவைக் காட்டி, "தண்ணியிலே விழுந்துட்டு" என்றேன். அழவும் செய்தேன். அழுகை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, தானாக வந்தது.

அம்மா அந்த ஈரச் சேலையோடு என்னை முதுகில் இரண்டு வைத்தாள். "எங்க மாமனார் தம் மகனுக்குப் போட்ட மோதிரம்! இந்தச் சனியன்கிட்டயா குடுப்பாக?" சித்தப்பா நடுவில் வந்து நின்றார். "போகட்டும் மைனி. பிள்ளையை அடிக்காதீக. நான்தான் குடுத்தேன், என்னைத் திட்டுங்க." அவர் அப்போது நல்லவர். இப்போது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மேஜோடு யார் போட்டார்கள்? அடுத்த வீட்டு ஜன்னல் விளிம்பில் கோலப்பொடிச் சிரட்டை இருக்கும். தேங்காய்ச் சிரட்டை, விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும். மூத்த அக்கா தவிர யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள். மறுநாள் மத்தியானம் தெருவே சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில் மோதிரத்தை அந்தப் பொடிக்குள் புதைத்துவிட்டு வந்தேன். அன்று சாயந்தரம் மிச்சமிருந்த திருவாதிரைக் களியைச் சாப்பிடும்போது எனக்கு இருந்த பெருமை, பிறகு எதற்கும் வந்ததில்லை. நான் உயிரோடிருக்கிறவரை சொல்வதில்லை என்று அட்டைப்படத் தாத்தாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அது சித்தப்பா மோதிரம் என்று எல்லோருக்கும் தெரியுமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அருவியில் போனது போனதுதான். அதன்பின் அது யாருடையதும் இல்லை, வெறும் மோதிரம், வீரகேரளம்புதூர் மாப்பிள்ளைக்குப் போட வேண்டியது. ஒன்பது வயதில் கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் நடைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். மூத்த அக்கா சாணி தெளித்து, புள்ளி வைத்தாள். நாலாவது வரிசையில் கை சிரட்டைக்குள் போய் அப்படியே நின்றது. எடுத்து, பொடியை ஊதினாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் எங்கள் மச்சு ஜன்னலைத்தான் பார்த்தாள். உள்ளே சித்தப்பா உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அவள் மோதிரத்தைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

அன்று போட்ட கோலம் அவர்கள் வாசலைத் தாண்டித் தெருவின் பாதிக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் அதைவிடப் பெரிது, நடுவில் வரிசையாகப் பூசணிப்பூ. மூன்றாம் நாள் எங்கள் வாசல்படியைத் தொட்டது. அம்மா, "இவளுக்கு என்ன பித்தா பிடிச்சிருக்கு? மாவு என்ன தெருவிலயா வெளையுது?" என்று வாரியலால் ஒரு ஓரத்தைத் தள்ளிவிட்டாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. மோதிரம் கிடைத்து மூன்று நாளாகிறது. அவள் அப்பாவிடம் கொடுக்கவில்லை. வீரகேரளம்புதூருக்கு ஆள் போகவில்லை. தவசிப்பிள்ளை அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கதையில் இப்படி இல்லையே? நான் கஷ்டப்பட்டுக் கொடுத்ததை இவள் எதற்கு ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்? பொறுக்காமல் அவர்கள் வீட்டுச் சின்னவளிடம், என் வயதுதான் அவளுக்கும், பாண்டி ஆடும்போது, "உங்க பெரியக்கா சேலை முந்தியிலே என்னமோ முடிஞ்சு வச்சிருக்கால்லா, என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டேன்.

யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது என்பதுதானே விதி? கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாழிகை ஆகவில்லை. அடுத்த வீட்டு அத்தை, தவசிப்பிள்ளையின் பெண்சாதி, மூத்த அக்காவின் தலைமயிரைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவளுடைய இன்னொரு கையில் மோதிரம்.

"கிளார்க்கு வீட்டம்மா! வெளியே வாங்க! இது யாரு மோதிரம்னு உங்க வீட்டுக் காலேஜ்காரர்ட்ட கேளுங்க. வயசுப் பொண்ணு இருக்கிற வீட்டிலே மோதிரம் வைக்கிற மனுசரு, கேட்டு வர வாய் இல்லியோ?"

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். மோதிரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான், தொலைந்த பொருள் கிடைத்த சந்தோஷம். அது ஒரு கணம்கூட நிற்கவில்லை.

"அருவியிலே போன மோதிரம் உங்க வீட்டுக்குள்ளே எப்படி நீந்தி வந்துச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கேன்!"

"எங்க வீட்டு ஆம்பளை உங்க வீட்டிலே மோதிரம் வைக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து? பந்திக்கு இலை எடுக்கிற வீட்டிலே வந்து விழணும்னா?"

"இலை எடுக்கிற வீட்டுச் சோத்தைத்தான் மைனி உங்க கல்யாணத்திலேயும் நீங்க தின்னீக."

தெரு கூடிவிட்டது. கோவில் பக்கமிருந்து வீசுகிற காற்றில் எல்லாப் பேச்சும் கடைசி வீடுவரை போய்க்கொண்டிருந்தது. அப்பா கச்சேரிக்குக் கிளம்பிய கோட்டோடு வந்து, "சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்றார். யாரும் சும்மா இருக்கவில்லை. சித்தப்பா மச்சிலிருந்து இறங்கி வந்தார்.

மூத்த அக்கா அதுவரை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். "அவுகதான் வச்சாக" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். "கோலப்பொடிச் சிரட்டையிலே. எனக்கு வேண்டித்தான் வச்சாக. கேளுங்க."

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது. "நான் வைக்கலே. சாமி சத்தியமா நான் வைக்கலே, அண்ணாச்சி. அது குத்தாலத்திலே போயிட்டு. பிள்ளைகிட்டக் கேளுங்க."

அவர் சொன்னது முழுக்க உண்மை. அவள் சொன்னதும் அவள் அறிந்தவரை உண்மை. பொய் என்று ஒன்றே ஒன்றுதான் அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்பது வயது.

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது, அதாவது தப்பாகப் புரிந்தது. "அடி சண்டாளி! அன்னிக்கு நீயும் குத்தாலத்துக்கு வந்தேல்லா? அங்கன கெடந்ததை எடுத்து முடிஞ்சுக்கிட்டு, அகப்பட்டதும் அவர் பேரைச் சொல்லுதியோ? களவுக்குக் களவு, கூட ஒரு மாப்பிள்ளையுமா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, உண்மையைச் சொல்லு. மோதிரம் அன்னிக்கு விழுந்துச்சா?"

நான் உயிரோடிருக்கிறவரைக்கும் யாருக்கும் சொல்லாதே. அந்த வாக்கியம் என் காதில் கேட்டது நிஜம். ஆனால் அதற்காகத்தான் சொன்னேன் என்று இப்போது எழுதினால் அது இன்னொரு பொய். அம்மா கையில் கரண்டி இருந்தது. தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயம்.

"ஆமா. விழுந்துட்டு" என்றேன்.

மூத்த அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் காலடியில் துப்பினாள். அத்தை கையிலிருந்த மோதிரம் மண்ணில் விழுந்து கிடந்தது. அம்மா அதைக் குனிந்து எடுத்து, மாட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

அதன்பின் நடந்தவை எல்லாம் தானாக நடந்தன. வீரகேரளம்புதூருக்கு யார் சொன்னார்களோ, அந்த இடம் வரவில்லை. களவு வீட்டுக் கையால் சமைத்துச் சாப்பிடுவதா என்று தவசிப்பிள்ளையை இரண்டு கல்யாண வீடுகளில் வேண்டாம் என்றார்கள். தை கடைசியில் மூத்த அக்காவைத் திருவேங்கடத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கரிசல் காடு, இரண்டாம் தாரம், இரண்டு பிள்ளைகள். அந்த மனிதருக்கு அவள் அப்பா வயதுக்குக் கொஞ்சம் குறைவு. வண்டி புறப்பட்டபோது அவர்கள் வாசலில் கோலம் இல்லை, சாணி மட்டும் தெளித்திருந்தது. அம்மா ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சரம்மாவிடம் கேட்டேன். "டீச்சர், ஜன்னல் வழியா பொன் விழுந்ததும் அந்தப் பொண்ணுகளைப் பத்தி ஊர்க்காரங்க என்ன பேசினாங்க?"

"அதெல்லாம் கதையிலே இல்லே. உக்காரு" என்றாள்.

டீச்சரம்மா மேல் எனக்கு இன்றும் கோபம்தான். தப்பு என்று தெரிந்தும் கோபம். அவள் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோதுகூட அது குறையவில்லை. மூன்றாம் முறை தகப்பன் விழித்திருந்தானே, ஏன் என்று வகுப்பில் ஒருத்தி கேட்டதற்கு, "நன்றி சொல்லத்தான்" என்றாள் அவள். பெண்ணைப் பெற்ற எவனாவது நன்றி சொல்வதற்கா விழித்திருப்பான்? கல்யாணமாகாத மூன்று பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் யாரோ ஒருவன் மறுபடி மறுபடி பொன்னை எறிகிறான் என்றால், எங்கள் பக்கத்தில் தகப்பன் அரிவாளோடு உட்கார்ந்திருப்பான். அத்தியட்சர் அங்கி போட்டிருந்ததால் தப்பித்தார். அவருக்குப் பெயர் கெடவில்லை. தாடி வளர்ந்து, மூட்டை தூக்கி, அட்டைப்படத்தில் ஏறிவிட்டார். அந்த மூன்று பெண்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? எனக்குச் சொல்லவில்லை. கேட்டால் கதையில் இல்லை.

சித்தப்பா இப்போது போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரரிடம் அந்தக் கதையைச் சொல்வார். "நான் பாத்த முதல் கேஸ் அதுதான் மாப்ளே. பதினேழு வயசுப் பொண்ணு. களவாண்டது மட்டுமில்லே, எம் மேலேயே திருப்பிட்டா பாருங்க. பொம்பளைகளை நம்பவே கூடாதுன்னு அன்னிக்குப் படிச்சேன்." ஒவ்வொரு முறையும் சற்றுக் கூட்டித்தான் சொல்கிறார். போன தடவை அதில் அவள் அழுது மன்னிப்புக் கேட்டாள். அவள் அழவில்லை. நான் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்த மோதிரத்தை அவர் பிறகு போட்டுக்கொள்ளவே இல்லை. என் கல்யாணத்தில் அம்மா அதை எனக்குக் கொடுத்துவிட்டாள். என் பெட்டியில் இருக்கிறது. கல்லின் மூளிக்குள் கொஞ்சம் கோலப்பொடி இன்னும் ஒட்டியிருப்பது போல எனக்குத் தோன்றும். ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறேன். அழுக்குத்தான்.

இதோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன்.

போன ஆடிச் சாரலில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போயிருந்தேன். பெண்கள் பக்கத்தில் ஒரே நெரிசல். யாரோ ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். "கண்ணு தெரியலையா?" என்றேன். திரும்பினாள். வெயிலில் காய்ந்து இறுகின முகம், முன்தலையில் நரை. என்னை அடையாளம் கண்டுகொண்டாள், அவள்தான் அந்த மூத்த அக்கா என்று நான் தெரிந்துகொள்வதற்கு முன்.

"கிளார்க்கு வீட்டுப் பிள்ளைல்லா நீ? உங்க அம்மை வாய் அப்படியே வந்திருக்கு உனக்கு."

அவள் என் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"உங்க சித்தப்பா எப்படி இருக்காக?"

"போலீஸ்லே இருக்காக அக்கா."

"போலீஸா!" அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் குளித்தவர்கள் திரும்பினார்கள். "பயந்தாங்கொள்ளிக்குப் பாத்துத் தொப்பி குடுத்திருக்கான் வெள்ளைக்காரன்."

போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் இன்னும் என்னைக் களவாணிக் களுதைன்னுதான் கூப்பிடுதாரு. பிள்ளைக முன்னாலேயே. பதினாறு வருசமாச்சு. உங்க வீடு கட்டிவிட்ட பட்டம். உங்க வீட்டு வாசலிலே புல்லு முளைக்கணும்னு நான் வேண்டாத நாள் இல்லே."

"அக்கா..."

"இரு. ஆனா ஒண்ணு சொல்லுதேன். அவுக வச்சாகல்லா? நாலு பேரு முன்னாலே வச்சேன்னு சொல்ல வாய் வரலே, அது வேற. பயம். ஆனா எனக்குன்னு ஒருத்தர் பாத்து, யோசிச்சு, யாருக்கும் தெரியாமக் கொண்டாந்து வச்சாகல்லா? அது பொய்யில்லேல்லா? அதை எங்கிட்ட இருந்து உங்க அம்மையாலேயும் பிடுங்க முடியலே. இந்த ஆளு களவாணிங்கும்போதெல்லாம் நான் அதை நெனைச்சுக்கிடுவேன். வேற என்னட்டி இருக்கு எனக்கு?"

நான் வாயைத் திறந்தேன். நான்தான் வைத்தேன் அக்கா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதற்குள் முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு அருவிக்கு அடியில் போய்விட்டாள். தண்ணீர் அவளை மறைத்துவிட்டது. என் பெண் என் கையைப் பிடித்து இழுத்து, "அந்த அம்மா ஏன் நம்மளைத் திட்டுதாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அன்று கிடைத்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று நாள் நினைத்ததையா, பதினாறு வருஷம் நினைத்ததையா அவள் சொன்னாள்? எது முதலில் இருந்தது, எது பிறகு அவளே கட்டிக்கொண்டது? எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். சித்தப்பாவிடம் நான் உண்மையைச் சொன்னால் அவள் மேல் இருக்கிற களவுப் பட்டம் போகும். அவர் முரடராகிவிட்டாலும் நேர்மையானவர். திருவேங்கடத்துக்கே நேரில் போய் அவள் வீட்டுக்காரர் முன்னால் சொல்லிவிட்டு வருவார். அப்படிச் சொன்னால், அவள் களவாணி இல்லை என்பதோடு, அவளுக்கென்று யாரும் எதையும் வைக்கவில்லை, ஒரு சின்னப் பிள்ளை மாப்பிள்ளைக்காக வைத்துவிட்டுப் போனது என்பதும் அவள் காதில் விழும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்குவேன். சொல்லாமல் இருந்தால் அவள் செத்தபின்னும் களவாணி.

என் வீட்டுக்காரரிடம் கேட்க முடியாது. அம்மாவிடம் கேட்டால், "பழசை ஏன் கிண்டுதே?" என்பாள். அடித்த நாளிலிருந்து என் பெண் என்னிடம் பேசவில்லை. வளையலைக் கழற்றி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், முக்கியமாக வாழ்க்கையில் ஒரு தடவையாவது பேர் கெட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பத்திரிகை விலாசத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் அந்த அக்காவாக இருந்தால் எதை வைத்துக்கொள்வீர்கள், எதை விட்டுக்கொடுப்பீர்கள்? அவளுக்கு எது நல்லது என்று நானே ஒரு தடவை முடிவு செய்தேன், யாரையும் கேட்காமல். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்கிறேன்.